வெளிச்சம் குறைந்த நிகழ்ச்சிகளில் படமெடுத்தல்: புதிய லென்ஸுக்கு முன் கற்க வேண்டியவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகே களைகட்டுகின்றன. அம்மன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு நள்ளிரவைத் தாண்டி நீள்கிறது; தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் திருப்பலி நள்ளிரவில் நடக்கிறது; திருமண வரவேற்புகளோ அலங்கார விளக்குகளின் வண்ண வெளிச்சத்தில் நடக்கின்றன. புதிதாகக் கேமரா வாங்கிய இளைஞர்கள் முதலில் கால் வைப்பது இத்தகைய இடங்களில்தான். படம் சரியாக வராதபோது அவர்கள் முதலில் குறை சொல்வது, கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

இரவில் எடுக்கும் படங்கள் கலங்கலாக வருகின்றன. எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

கலங்கலுக்குக் காரணம் என்ன என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. குறைந்த வெளிச்சத்தில் ஒரு படம் கெடுவதற்கு நான்கு வழிகள் உண்டு: கை நடுங்குவது, எதிரில் இருப்பவர் அசைவது, ஃபோகஸ் தவறுவது, வெளிச்சம் போதாமல் படத்தில் புள்ளி ஏறுவது. நான்கும் கேமராவின் சிறிய திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் மருந்து வேறு வேறு. எஃப் 1.8 போன்ற அகன்ற துளை உள்ள லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) இவற்றில் சிலவற்றுக்கு உதவும். ஃபோகஸ் தவறும் பழக்கம் உள்ளவருக்கோ அதே லென்ஸ் குறையை இரட்டிப்பாக்கும்.

எந்தக் குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கெட்டுப்போன படங்களை அழிக்காமல் கணினியில் ஏற்றி, முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மண்டபத் தூண், சுவர்க் கடிகாரம், மணமகளின் முகம் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். தூண் கூர்மையாக இருந்து, ஆரத்தித் தட்டு பிடித்த கை மட்டும் கரைந்திருந்தால் அது அசைவு. முகம் மங்கி, பின்னால் தொங்கும் மல்லிகைச் சரம் இதழ் இதழாகத் தெரிந்தால் அது ஃபோகஸ் தவறு. எல்லாம் கூர்மையாக இருந்தும் கறுத்த பகுதிகளில் மணல் தூவியதுபோலத் தெரிந்தால் அது நாய்ஸ் எனப்படும் புள்ளி.

படத்தோடு பதிவாகியிருக்கும் விவரங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு), எத்தனை மில்லிமீட்டரில், அதாவது எவ்வளவு ஜூமில், எடுத்தது என்ற நான்கும் அங்கே இருக்கும். அசைவால் கெட்ட படங்களில் பெரும்பாலானவை நொடியில் 15-இல் ஒரு பங்கு, 20-இல் ஒரு பங்கு என்ற வேகத்தில் எடுக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தது லென்ஸ் அன்று. தானியங்கி முறையில் இயங்கிய கேமரா.

அப்படியானால் ஷட்டர் வேகத்தை எவ்வளவில் வைப்பது?

அமைதியாக அமர்ந்து திருப்பலியில் பங்கேற்பவர்களுக்கு 1/60 பெரும்பாலும் போதும். நின்று பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு 1/125 வேண்டும். ஆடுபவர்களுக்கும் ஓடும் குழந்தைகளுக்கும் 1/250-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு வசதி உங்கள் கையின் ஆட்டத்தை மட்டுமே குறைக்கும். எதிரில் ஆடுபவரை அது நிறுத்தாது. இந்த வேறுபாடு புரியாமல் பலர் அந்த வசதியை நம்பி ஏமாறுகிறார்கள்.

எண்களை விட முக்கியமானது கணம். வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். தலைமைப் பாடகர் இரண்டு வீசுகோல்களையும் வில்லின் நாணில் அடித்துக்கொண்டே கதையைச் சொல்லிக்கொண்டு போவார். உடல் முழுவதும் அசையும், வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும். ஒரு வரியை முடித்துவிட்டு அவர் நிறுத்தும்போது, பக்கத்தில் குடமும் உடுக்கும் வைத்திருப்பவர்கள் "ஆமா" என்று பதில் கொடுப்பார்கள். அந்த ஒரு சொல்லின் நேரத்திற்குத் தலைமைப் பாடகரின் முகம் அசையாமல் நிற்கும். கண்கள் கூட்டத்தை நோக்கும். அப்போது 1/60 வேகத்தில்கூட முகம் கூர்மையாகப் பதியும். இன்னொரு வழியும் உண்டு. வீசுகோல் மேலே உயர்ந்து கீழே திரும்பும் இடத்தில் ஒரு கணம் நின்று திரும்பும். அந்த உச்சியில் ஷட்டரை அழுத்தினால் கோலும் தெளிவாக இருக்கும். பாட்டைக் காது கொடுத்துக் கேட்பவருக்கே இந்தக் கணங்கள் பிடிபடும். எந்த விலை லென்ஸும் இதைக் கற்றுத் தராது என்பதால்தான், நிகழ்ச்சிக்குப் போனவுடன் கேமராவைத் தூக்காமல் சிறிது நேரம் உட்கார்ந்து கேட்கும்படி எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஐஎஸ்ஓவை 800-க்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறார்களே?

அது பழைய கேமராக்களின் காலத்துப் பேச்சு. இன்றைய தொடக்கநிலைக் கேமராக்களிலும் 3200 வரை தயங்காமல் போகலாம். 6400-இல் எடுத்த படமும் ஆல்பத்தில் சிறிய அளவில் அச்சிட்டால் கண்ணை உறுத்துவதில்லை. 800-இலிருந்து 6400-க்குப் போவது மூன்று ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு. அதாவது 1/15 வேகத்தில் எடுக்க வேண்டிய படத்தை 1/125 வேகத்தில் எடுத்துவிடலாம். இந்த இலாபத்திற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்து, இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சத்தைத் தூக்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பல கேமராக்களில் அப்படித் தூக்கிய படத்தில்தான் புள்ளிகள் அதிகமாகத் தெரியும். நாய்ஸ் உள்ள கூர்மையான படத்தை மென்பொருள் ஓரளவு சரிசெய்யும். அசைந்து கரைந்த முகத்தை எதனாலும் மீட்க முடியாது. ஆகவே இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் ஐஎஸ்ஓ ஏறட்டும் என்று விட்டுவிடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை நிர்ணயிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதை 1/125-இல் வைத்துவிட்டு, மனத்தைக் காட்சியில் செலுத்தலாம்.

கிட் லென்ஸிலேயே அதிக வெளிச்சம் பெற வழி உண்டா?

உண்டு, பலர் கவனிக்காதது இதுதான். 18-55 லென்ஸின் துளை, 18 மில்லிமீட்டரில் எஃப் 3.5 வரை விரியும். 55-க்கு இழுத்தால் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். இரண்டுக்கும் இடையே ஒளி சுமார் இரண்டரை மடங்கு வேறுபடுகிறது. மண்டபத்தின் பின்வரிசையில் நின்று ஜூமை இழுப்பவர், இருக்கிற வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தாமே வெளியே தள்ளிவிடுகிறார். ஜூமைக் குறைத்துவிட்டு நான்கு அடி முன்னே போங்கள். அகன்ற கோணத்தில் மிக நெருங்கினால் ஓரத்தில் இருப்பவர்களின் முகம் இழுபட்டுத் தெரியும் என்பதால், முக்கியமானவரை நடுவில் வைத்து, 24 மில்லிமீட்டர் அளவில் நின்றுகொள்வது பாதுகாப்பானது.

இருட்டில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

தானியங்கி ஃபோகஸுக்கு வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்பு வேண்டும். மழித்த கன்னத்திலோ வெள்ளைச் சேலையின் மடிப்பற்ற பகுதியிலோ புள்ளியை வைத்தால் கேமரா தேடிக்கொண்டே இருக்கும். கண்ணிமை, மூக்குத்தி, நெற்றியும் முடியும் சேரும் கோடு, சட்டைக் காலரின் விளிம்பு ஆகியவற்றில் வையுங்கள். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் நடுப்புள்ளிதான் இருட்டில் நன்றாக வேலை செய்யும்; அதையே பயன்படுத்திப் பழகுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி கொண்ட மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களும், கூட்டத்தில் அது யாருடைய கண்ணைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஃப் 1.8 பற்றிய எச்சரிக்கையை இங்கேதான் சொல்ல வேண்டும். கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து, இரண்டு மீட்டர் தொலைவில் நிற்பவரை எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ பத்துப் பதினோரு சென்டிமீட்டர் மட்டுமே. மணமகன் அரையடி பின்தள்ளி நின்றால் மணமகள் மட்டும் தெளிவாக இருப்பார். மேடையில் இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பத்தை அந்தத் துளையில் எடுக்கவே முடியாது. எஃப் 5.6-இலேயே ஃபோகஸ் தவறுகிறவர் எஃப் 1.8-க்குப் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒளி அளவைக் கேமராவிடமே விட்டுவிடலாமா?

விடலாம், அது எங்கே தவறும் என்று தெரிந்திருந்தால். காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கேமரா அளக்கிறது. தேவாலயத்தில் வெள்ளைச் சேலையும் வெள்ளை முக்காடுமாக மணமகள் படத்தை நிறைத்து நிற்கும்போது, வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அது படத்தை இருட்டாக்கும். கேமராவில் வெளிச்சத்தை ஈடுசெய்யும் அளவை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 பக்கம் நகர்த்த வேண்டும். கறுத்த பின்னணியில் ஒரே விளக்கு முகத்தில் விழும் மேடையில் இதற்கு நேர்மாறு: அங்கே -1 வைக்காவிட்டால் நெற்றியும் மூக்கும் வெளுத்துப்போகும். விளக்கு கட்டிய சப்பரம் வரும்போது பல்புகள் கேமராவின் கணக்கைக் குலைக்கும் என்பதால், சப்பரத்தைச் சுமப்பவர்களின் முகத்தை அளந்து, அந்த அளவை மேனுவல் முறையில் நிறுத்திவிடுவதே சிறந்தது.

எல்இடி விளக்குகளில் நிறம் மாறுகிறது, படத்தில் பட்டை பட்டையாக விழுகிறது. லென்ஸின் குறையா?

இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடிகளும் குழல்விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. 1/50 அல்லது 1/100 வேகத்தில் அந்த ஏற்ற இறக்கம் முழுச் சுற்றாக அடங்கிவிடும்; அதைவிட வேகமாகப் போனால் பட்டையும் நிறமாற்றமும் வரக்கூடும். நிறம் மாற்றும் மேடை விளக்குகள் வேறு வேகத்தில் துடிப்பவை. அங்கே ஒன்றிரண்டு சோதனைப் படம் எடுத்துத்தான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். சில கேமராக்களில் இதைத் தவிர்க்கும் வசதி பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது, தேடி இயக்கிவிடுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் குத்துவிளக்குச் சுடர் ஏறத்தாழ 2000 கெல்வின், பழைய குண்டு பல்பு 2700 முதல் 3000, பகல் வெளிச்சம் 5500 என்ற வரிசையை நினைவில் வைத்தால் போதும். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுத்தால் வெள்ளைச் சமநிலையை, அதாவது நிறச் சாயலைச் சரிசெய்யும் அளவை, பிறகும் திருத்தலாம். சுடரின் பொன்னிறத்தை முழுவதும் நீக்கிவிடாதீர்கள். விளக்கொளியில் இருந்தவர் விளக்கொளியில் இருந்தவராகவே தெரிவதுதான் அழகு.

ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, பின்னால் எல்லாம் கறுத்துவிடுகிறதே?

நேராக முகத்தில் அடிப்பதால் வரும் விளைவு அது. ஃபிளாஷ் ஒளி தொலைவு இரட்டித்தால் நான்கில் ஒரு பங்காகக் குறையும்; அதனால் அருகில் இருப்பவர் வெளுப்பார், மண்டபம் மறையும். தலையைத் திருப்பும் வசதியுள்ள தனி ஃபிளாஷை வெள்ளைக் கூரையிலோ பக்கச் சுவரிலோ அடித்துத் திருப்புங்கள். ஷட்டரை 1/60-க்குக் குறைத்து, ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினால் மண்டபத்து வெளிச்சமும் படத்தில் சேரும். வண்ணத் துணி கட்டிய பந்தலில் இது பலிக்காது. சிவப்புத் துணியில் பட்டுத் திரும்பும் ஒளி எல்லோரையும் சிவப்பாக்கிவிடும். அங்கே வெள்ளை அட்டையையோ ஒளியைப் பரப்பும் டிஃப்பியூசரையோ ஃபிளாஷில் பொருத்திக்கொள்வதே வழி. என் கணிப்பில், திருமண வரவேற்புகளை எடுக்க விரும்புகிறவருக்குப் புதிய லென்ஸைவிடக் கூரையில் அடிக்கத் தெரிந்த ஒரு நடுத்தர ஃபிளாஷ் அதிகம் உதவும்.

வழிபாட்டு இடங்களில் நிலைமை வேறு. கருவறைப் பகுதியில் படமெடுப்பதே கூடாது. வெளிப் பிராகாரத்திலும் ஊர்வலத்திலும் எதற்கு அனுமதி உண்டு என்பதைக் கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். தேவாலயத்தில் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும், அப்பத்தை உயர்த்தும் வேளையில் ஃபிளாஷ் அடிக்கலாகாது. சாமி வந்து ஆடுகிறவரின் முகத்திலும் அடிக்கக் கூடாது. வேண்டுதலோடு வந்து நிற்பவர்களின் பக்தியைவிட நம் படம் பெரிதன்று.

நிகழ்ச்சி இல்லாத நாள்களில் எப்படிப் பயிற்சி செய்வது?

வீட்டில் இரவு ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, தலை பின்னிக்கொண்டிருக்கும் தங்கையையோ தேங்காய் துருவும் அம்மாவையோ எடுங்கள். ஒரே காட்சியை 1/30, 1/60, 1/125, 1/250 என்ற நான்கு வேகங்களிலும் எடுத்து, கை எந்த வேகத்தில் கரைகிறது, எதில் நிற்கிறது என்று ஒப்பிடுங்கள். துருவலில் ஓடும் கை 1/125-இலும் கரைவதைப் பார்த்தால், தவில் வாசிப்பவரின் விரல்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்கே விளங்கும்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரியன் மறைந்த பிறகு எல்லோரும் கிளம்பும் நேரத்தில் நீங்கள் தங்கிவிடுங்கள். ஒளி நிமிடத்திற்கு நிமிடம் குறையும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, முற்றிலும் மேனுவல் முறையில், பாசிமாலை விற்பவரையோ அலையில் நிற்கும் குடும்பத்தையோ அவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். அபெர்ச்சர் முழுவதும் திறந்துவிட்டது, ஷட்டரை இனிக் குறைக்க முடியாது, ஐஎஸ்ஓதான் ஏற வேண்டும் என்ற வரிசை விரல்களுக்குப் பழகிவிடும். கேமராவைப் பார்க்காமலே மூன்று அளவுகளையும் மாற்றத் தெரிவதுதான் இந்தப் பயிற்சியின் இலக்கு.

சரி, லென்ஸ் வாங்கும் நேரம் எப்போது வரும்?

ஐஎஸ்ஓ 6400-இல் இருக்கிறது, அபெர்ச்சர் முழுவதும் திறந்திருக்கிறது, ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறது, கணமும் சரி. இருந்தும் ஷட்டர் 1/40-க்கு மேல் ஏறவில்லை என்ற நிலை உங்கள் படங்களில் திரும்பத் திரும்ப வந்தால், குறை உண்மையிலேயே லென்ஸில் இருக்கிறது. எஃப் 5.6-இலிருந்து எஃப் 1.8-க்குப் போனால் ஒளி ஏறத்தாழ பத்து மடங்கு கூடும்; அந்தப் பத்து மடங்கை எங்கே செலவிடுவது என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எந்த லென்ஸ் என்பதை உங்கள் பழைய படங்களே சொல்லும். நல்லவை என்று நீங்கள் ஒதுக்கி வைத்தவை எத்தனை மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். பெரும்பாலானவை 45-க்கு மேல் இருந்தால் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 பொருந்தும், கேனானிலும் நிக்கானிலும் விலை குறைந்த லென்ஸ்களில் அதுவும் ஒன்று. 20-க்கும் 30-க்கும் இடையே இருந்தால் அதே லென்ஸ் உங்களை மண்டபச் சுவரோடு ஒட்டி நிற்க வைக்கும். ஏனெனில் கிராப் சென்சாரில் அதன் பார்வை மிகக் குறுகியது. அத்தகையவருக்கு எஃப் 2.8 தரமுள்ள 17-50 வகை ஜூம் ஏற்றது. 70-200 எஃப் 2.8 போன்றவை, பெரிய நிறுவனங்களின் தயாரிப்பாக இருந்தால், இலட்ச ரூபாயைத் தாண்டுபவை. மேடைக்கு அருகே போக விடாத நிகழ்ச்சிகளைத் தொழிலாக எடுப்பவருக்கு மட்டுமே அந்தச் செலவு நியாயம். எதுவானாலும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கடல் காற்றும் இரண்டு பருவமழைகளும் உள்ள மாவட்டம் இது. கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிப்பது இங்கே சாதாரணம். பின்பக்கமிருந்து கைப்பேசி விளக்கை அடித்து, சிலந்தி இழைபோன்ற படர்வு உள்ளே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வாங்கியதை இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

கிட் லென்ஸ் மட்டும் இருக்கும்போது உறவினர் திருமணத்தை எடுக்கச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

தனியாக ஒப்புக்கொள்ள வேண்டாம். முதன்மைப் படக்காரர் ஒருவர் இருக்கட்டும். அவரிடம் சொல்லிவிட்டு அவருக்குத் துணையாக நின்று எடுங்கள். நிகழ்ச்சி நடக்கும் அதே மாலை நேரத்தில் முந்தைய நாளே மண்டபத்துக்குப் போய், மேடையில் ஒருவரை நிறுத்தி, எந்த அளவில் முகம் தெளிகிறது என்று எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளக்கு போடும் அண்ணனைத் தேடிப் போய் மரியாதையாகப் பேசுங்கள். தாலி கட்டும்போதும், கிறிஸ்தவத் திருமணமானால் மணமகளுக்கு மந்திரகோடிச் சேலை போர்த்தும்போதும், வண்ண விளக்குகளை அணைத்து முன்பக்க வெள்ளை விளக்கை மட்டும் முழுதாக எரியவிடச் சொல்லிக் கேளுங்கள். நேரத்தை முன்னதாகவே சொன்னால் பெரும்பாலும் செய்து தருவார்கள். அந்த ஒரு விளக்கு, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் கையில் கொடுத்துவிடும்.